கார்டியலுக்குத் தமிழ் என்னங்க? (வெள்ளிக்கிழமை அச்சு)

(குழும இழை. எழுதுகிறவர்கள் தத்தம் ஊர்ப்பெயரில்.)

கோபி, திங்கள் காலை

வணக்கமுங்க. மகளிர் குழுக்களுக்கான பழப்பதனக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஸ்குவாஷ், கிரஷ், சிரப், கார்டியல் என்று நாலு பாடம். முதல் மூன்றும் கடை பாட்டிலிலேயே இருக்கிற பேர், அப்படியே விட்டுவிடலாம். கார்டியல்தான், அதாவது தெளிந்த பழச்சாறும் சர்க்கரையும் சேர்த்து, தண்ணீர் கலந்து குடிக்கிறதுதான், யார் வாயிலும் நிற்கவில்லை. எலுமிச்சை கார்டியலுக்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும். லேபிளில் அடங்க வேண்டும், எட்டாவது படித்தவர் தடுக்காமல் வாசிக்க வேண்டும். முதல் வரைவில் "எலுமிச்சை ரசம்" என்று போட்டிருந்தோம். "சோத்துக்கு ஊத்தறதுங்களா?" என்ற கேள்வியோடு திரும்பி வந்துவிட்டது.

ஈரோடு, திங்கள் காலை

சொல் தேடுவதற்கு முன் பொருளைப் பிடித்துக்கொள்வோம். 2011 உணவுப் பாதுகாப்பு விதிமுறையில் இந்த நாலுக்குமே பழச்சாறு குறைந்தது 25 சதம். கரைந்த திடப்பொருளில்தான் (பெரும்பாலும் சர்க்கரை) வேறுபாடு: கார்டியல் 30, ஸ்குவாஷ் 40, கிரஷ் 55, சிரப் 65 சதம், எல்லாம் குறைந்தபட்ச அளவு. சர்பத்தும் சிரப்போடுதான் சேர்கிறது.

ஆனால் கார்டியலுக்கு அடையாளம் சர்க்கரை அல்ல. ஸ்குவாஷில் சதைத்துணுக்கு மிதக்கலாம், கார்டியலில் ஆகாது. பாட்டிலுக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்தால் எழுத்து தெரிய வேண்டும். வருகிற சொல்லில் "தெளிவு" என்ற கருத்து இல்லாவிட்டால் அது ஸ்குவாஷுக்கு இன்னொரு பேர், அவ்வளவுதான்.

பொள்ளாச்சி, திங்கள் மதியம்

வேரிலிருந்து தொடங்குவோம். இலத்தீனில் "கோர்" என்றால் நெஞ்சு. நெஞ்சுக்கு உரம் தரும் மருந்துக் குடிப்புக்கு ஐரோப்பாவில் இட்ட பேர்தான் கார்டியல். ஆகவே "நெஞ்சாற்றி". அல்லது "உளமகிழ்வி". பிறமொழிச் சொல்லை ஒலிபெயர்த்து வைப்பது சோம்பல்.

திருப்பூர், திங்கள் மதியம்

> ஆகவே "நெஞ்சாற்றி"

அந்த லேபிளை ஒட்டினால் பாட்டிலை மருந்துக்கடையில்தான் அடுக்குவார்கள். வேர் என்ன என்பது அந்த மொழிக்காரர் கவலைங்க. 1867-இல் லாக்லன் ரோஸ், சாராயம் சேர்க்காமல் சர்க்கரையைக் கொண்டு எலுமிச்சைச் சாற்றைக் காக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினாரே, அப்போதே அந்தச் சொல்லிலிருந்து நெஞ்சு கழன்றுவிட்டது. கப்பல்காரர்களுக்கு ஸ்கர்வி நோய் வராமல் இருக்கக் குடித்ததை யாரும் நெஞ்சுக்காகக் குடிக்கவில்லை. என் ஓட்டு "கார்டியல்". பஸ், காபி, சோடா எல்லாம் வந்து உட்கார்ந்த மொழிக்கு இன்னொரு பாட்டில் பாரமா?

பவானி, திங்கள் இரவு

அன்புடையீர், இவ்வளவு தூரம் அலைய வேண்டியதில்லை. இரண்டாயிரம் ஆண்டாகத் தமிழில் சொல் இருக்கிறது: தேறல். தேறு என்றால் தெளி. கலங்கலுக்கு மேலே நிற்கும் தெளிவே தேறல். "யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்" என்று புறநானூறு 56 சொல்கிறது. தண்மை இருக்கிறது, கமழ்தல் இருக்கிறது, கலத்தில் வந்ததும் இருக்கிறது. ஈரோட்டுத் தம்பி கேட்ட தெளிவும் இருக்கிறது. "எலுமிச்சைத் தேறல்". இனி அச்சுக்குப் போகலாம்.

கோபி, திங்கள் இரவு

புலவர் ஐயா, அது கள்ளுங்க. தமிழ் தெரிந்த ஒருவர் லேபிளைப் பார்த்தால் போதும், குழுப் பெண்கள் தலைகாட்ட முடியாது.

திருப்பூர், திங்கள் இரவு

அமெரிக்காவில் கார்டியல் என்றாலும் இனிப்பு மதுதான் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பொருத்தம் அளவுக்கு மீறிப் போய்விட்டது.

பவானி, செவ்வாய் காலை

நறவு?

திருப்பூர், செவ்வாய் காலை

அதுவும் கள். பிழி, மட்டு, நறை எதை எடுத்தாலும் அங்கேதான் போய் நிற்கும். "ஊறல்" என்று ஒன்று மிச்சம் இருக்கிறது, அதைச் செய்தித்தாளில் வாரம் ஒருமுறை போலீஸ் கொட்டி அழிக்கிறது.

நாமக்கல், செவ்வாய் காலை

நம்ம பக்கத்துச் சொல்லை ஏன் ஒருத்தரும் எடுக்கவில்லை? தெளுவு. மற்ற ஊரில் பதநீர் என்பதை நாம் தெளுவு என்கிறோம். புளிக்காதது, போதை இல்லாதது, தெளிந்தது, இனிப்பானது. தேறலும் தெளுவும் ஒரே கருத்தில் பிறந்து, ஒன்று கள்ளுக்குப் போனது, இன்னொன்று புளிக்காமல் நின்றது. "எலுமிச்சைத் தெளுவு" என்றால் கொல்லிமலை அடிவாரத்தில் யாருக்கும் விளக்கம் வேண்டாம்.

பொள்ளாச்சி, செவ்வாய் காலை

வட்டார வழக்கு. எழுத்துத் தமிழில் "தெளிவு" என்றல்லவா இருக்க வேண்டும்? தவிர, நெல்லைக்காரர் தெளுவு என்பதைக் கேட்டதே இல்லை.

நாமக்கல், செவ்வாய் மதியம்

நெல்லைக்காரர் நெஞ்சாற்றியைக் கேட்டிருக்கிறாரோ?

ஈரோடு, செவ்வாய் மதியம்

எனக்கும் தெளுவு பிடிக்கிறது, ஆனால் லேபிளில் ஆகாது. தெளுவு என்று படித்தவர் பனையையோ தென்னையையோ எதிர்பார்ப்பார். வேதியியலும் நேர் எதிர். தெளுவுக்குக் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுகிறோம். காரத்தில் ஈஸ்ட் ஓங்குவதில்லை, அதனால் புளிக்காது. கார்டியலைக் காப்பது புளிப்பும் கந்தக டை ஆக்சைடும். இரண்டும் தெளிந்தவை என்பதைத் தவிர உறவு இல்லை.

தாராபுரம், செவ்வாய் இரவு

சொல்லோடு மல்லுக்கட்டும்போதே பழத்தையும் கொஞ்சம் பார்ப்போம். எலி மிச்சம் வைத்ததால் எலுமிச்சை என்று சொல்வதுண்டு. நாரத்தை அப்படியல்ல. வடமொழி நாரங்கம், பாரசீக நாரங், ஸ்பானிய நாரஞ்சா, கடைசியில் ஆரஞ்சு, எல்லாம் இங்கிருந்து போனவை என்று சொல்லும் மொழியியலார் உண்டு. நாறு என்றால் பழந்தமிழில் மணத்தல். நாறும் பழம் நாரத்தை. ஆக, ஆரஞ்சு கார்டியல் என்பதே பாதித் தமிழ்.

பவானி, செவ்வாய் இரவு

நாறுதலில் வல்லின றகரம், நாரத்தையில் இடையின ரகரம். இந்த ஒரு எழுத்தைத் தாண்டாமல் ஸ்பெயினுக்குப் போக வேண்டாம்.

தாராபுரம், செவ்வாய் இரவு

நாற்றமும் நரந்தமும் உறவில்லை என்கிறீர்களா? நரந்தம் மணப்புல். நரந்தம், நாரத்தை...

(இந்தக் கிளைக்குத் தனி இழை தொடங்கவும். கையேட்டுக்கு இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது.)

கோபி, புதன் காலை

இப்போதைக்கு "எலுமிச்சைப் பாகு" என்று வைத்துச் செய்முறையைச் சரிபார்க்கக் கொடுத்தேன். "பாகு" என்பதைப் பார்த்ததும் சரிபார்த்தவர், "சாற்றையும் சர்க்கரையையும் சேர்த்து ஒரு கம்பிப் பதம் வரும்வரை காய்ச்சவும்" என்று தானாகவே ஒரு வரி சேர்த்துவிட்டார். இது சரிங்களா?

ஈரோடு, புதன் காலை

முழுத் தவறு. தவறுக்குக் காரணம் அந்தச் சொல்தான், சரிபார்த்தவர் அல்ல. பாகு என்றால் பதம் பார்ப்பது நம் வீட்டுக் கைகளுக்குப் பழக்கம். அறை வெப்பத்தில் தண்ணீர் தாங்குகிற சர்க்கரை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. கம்பிப் பதம் அதைத் தாண்டிய நிலை, ஆறியதும் பாட்டிலடியில் சர்க்கரை கல்லாகக் கட்டும். சாற்றைக் கொதிக்கவிட்டால் எலுமிச்சை மணம் ஆவியாகி, வெந்த வாடைதான் மிஞ்சும்.

முறை இது. தோல் மஞ்சளான, கையில் கனக்கும் பழம். கிலோவுக்கு 400 மில்லி சாறு வந்தால் நல்ல பழம். கொட்டையை நசுக்கக் கூடாது, வெள்ளைத் தோலைச் சுரண்டக் கூடாது, கசப்பு அங்கிருந்துதான் வருகிறது. ஏற்காட்டுக் கமலா ஆரஞ்சில் இது இன்னும் மோசம்: பிழிந்தபோது தித்திக்கும் சாறு, சில மணி நேரம் கழித்துக் கசக்கும். அலுமினியம், இரும்புப் பாத்திரம் வேண்டாம்.

தெளியவைப்பதுதான் இதில் வேலையே. சாறு கலங்கி நிற்கப் பெக்டின் என்ற பழப்பசை காரணம். பழத்திலேயே இருக்கிற நொதி அந்தப் பெக்டினை மாற்ற, அது சதைத்துணுக்கோடு சேர்ந்து கீழே இறங்கும். அதனால் சாற்றை முதலில் சூடாக்கக் கூடாது. சூட்டில் நொதி செத்துவிடும், பிறகு எத்தனை நாள் வைத்தாலும் கலங்கலாகவே நிற்கும். லிட்டர் சாற்றுக்கு 1.4 கிராம் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்டை (கந்தக டை ஆக்சைடு தரும் காப்பான்) சிறிது சாற்றிலேயே கரைத்துக் கலந்து, கண்ணாடி ஜாடியில் கழுத்துவரை நிரப்பி, ஒரு மாதம் அசைக்காமல் வைக்க வேண்டும். மேலே நிற்பதைச் சன்னமான குழாய் போட்டு உறிஞ்சி இறக்க வேண்டும். சாய்த்து ஊற்றினால் அடிவண்டல் கிளம்பிவிடும். வீட்டளவுக்கு என்றால் ஃபிரிட்ஜில் இரண்டு இரவு வைத்து மேலாக எடுத்து, துணியில் தானாக வடியவிடலாம். துணியைப் பிழிந்தால் மறுபடி கலங்கல்.

அளவு எடையில்: தெளிந்த சாறு 1 கிலோ, சர்க்கரை 1.25 கிலோ, தண்ணீர் 1.75 கிலோ. மொத்தம் 4 கிலோ, 700 மில்லி பாட்டிலில் ஐந்து வரும். சர்க்கரையும் தண்ணீரும் ஒரே கொதி, அழுக்கு நுரையை எடுத்துவிட்டு முழுக்க ஆறிய பின்தான் சாறு. இதில் திடப்பொருள் 33 சதம் சொச்சம், சட்டத்துக்குப் போதும். கந்தக டை ஆக்சைடு உச்ச வரம்பு 350 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 350 பங்கு), அதாவது கிலோவுக்கு 0.7 கிராம் மெட்டாபைசல்பைட். நாலு கிலோவுக்கு 2.8 கிராம். சாற்றில் ஏற்கெனவே 1.4 போட்டாயிற்று, ஆகவே மிச்சம் 1.4-க்கு மேல் போகக் கூடாது. இதைக் கையேட்டில் கொட்டை எழுத்தில் போடுங்கள், இரண்டு முறையும் முழு அளவு போடுகிறவர்கள் உண்டு. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது ஆகாது என்பதும் லேபிளில் வேண்டும். மாதுளை, திராட்சைக்கு இதைப் போட்டால் நிறம் வெளுக்கும், அங்கே சோடியம் பென்சோவேட்.

குடிக்கும்போது ஒரு பங்குக்கு இரண்டு முதல் மூன்று பங்கு தண்ணீர்.

நாமக்கல், புதன் மதியம்

காப்பான் இல்லாமல் செய்கிறவர்களுக்கு ஒரு வரி சேர்க்க வேண்டும். 30 சதச் சர்க்கரை எதையும் காக்காது, ஈரோட்டுச் சித்திரை வெயிலில் சில நாளிலேயே மூடி எகிறும். காலி பாட்டிலை 20 நிமிடம் கொதிநீரில் போட்டு எடுத்து, கார்டியலை ஃபிரிட்ஜிலேயே வைத்து, இரண்டு வாரத்துக்குள் முடிக்க வேண்டும். மணம் பத்தாது என்பவர்கள், மஞ்சள் தோலை மட்டும் சன்னமாகத் துருவிச் சர்க்கரையோடு பிசறி மூன்று மணி நேரம் வைக்கலாம். சர்க்கரை தோலின் எண்ணெயை இழுத்துக்கொள்ளும். அதைக் கரைத்து வடிகட்டிய பிறகுதான் அடுப்பு.

பவானி, புதன் இரவு

பாகு என்ற சொல்லை ஒரேயடியாகத் தள்ள வேண்டாம். சித்த மருத்துவத்தின் 32 அக மருந்துகளில் மணப்பாகு ஒன்று. மாதுளை மணப்பாகு நாட்டுமருந்துக் கடையில் இன்றும் கிடைக்கிறது. ஔவை "பாலும் தெளிதேனும் பாகும் பருப்பும்" என்றார். தெளிதேன் போலத் "தெளிபாகு". வினைத்தொகை, முக்காலமும் அடங்கும்: தெளிந்த பாகு, தெளிகின்ற பாகு, தெளியும் பாகு. ஒரு மாதம் ஜாடியில் நிற்கிற பொருளுக்கு இதைவிடப் பொருத்தம் ஏது?

ஈரோடு, புதன் இரவு

தெளிவது சாறு, ஐயா. பாகு அல்ல.

திருப்பூர், புதன் இரவு

அப்படியானால் "தெளிசாறு"?

ஈரோடு, புதன் இரவு

கால்பங்கு சாறு இருப்பதைச் சாறு என்று விற்றால் நோட்டீஸ் வரும்.

பொள்ளாச்சி, வியாழன் காலை

தெளிமம்.

நாமக்கல், வியாழன் காலை

ஏனுங்க, அது தனிம அட்டவணையில் எத்தனையாவது?

தாராபுரம், வியாழன் காலை

"தெளிகரைசல்" என்றால் அறிவியலும் சரி, தமிழும் சரி.

நாமக்கல், வியாழன் காலை

கரைசல் என்றால் இங்கே அமுதக்கரைசல். மாட்டுச் சாணமும் கோமியமும். குடிக்கக் கொடுக்க முடியாதுங்க.

கோபி, வியாழன் மாலை

பொறுமைக்கு நன்றிங்க. எண்ணிப் பார்த்தேன்: தெளிபாகு 7, கார்டியல் 5, தெளுவு 2, தேறல் 1. "எலுமிச்சைத் தெளிபாகு" என்றே போடுகிறேன். தலைப்புக்குக் கீழே ஒரு வரி: "பதம் பார்க்க வேண்டாம். சர்க்கரை கரைந்து ஒரு கொதி போதும்."

ஈரோடு, வியாழன் மாலை

பேருக்குக் கீழே எச்சரிக்கை போட வேண்டியிருந்தால் பேரே தப்பு. பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், ஒப்புக்கொள்ளவில்லை. என் வகுப்பில் கார்டியல்தான்.

பவானி, வியாழன் இரவு

அந்த ஒரு தேறல் ஓட்டு என்னுடையதல்ல. யாரோ தெரிந்தவர் இருக்கிறார்.

கோபி, வெள்ளி காலை

மெய்ப்பு வந்துவிட்டது, இணைத்திருக்கிறேன். பத்து மணிக்குள் பார்த்துச் சொல்லுங்க.

பவானி, வெள்ளி காலை

அம்மணி, பக்கம் 14, 15, 17, பின்னட்டை: எல்லா இடத்திலும் "தெளிப்பாகு" என்று இருக்கிறது. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஊறுகாயை ஊறுக்காய் என்று யாராவது எழுதுவார்களா? ஒற்றை நீக்கவும்.

நாமக்கல், வெள்ளி காலை

உடனே நீக்குங்க. அந்த "ப்" இருந்தால் மருந்து தெளிக்கிற தெளிப்பு. எலுமிச்சை மரத்துக்கு அடித்துவிடப் போகிறார்கள்.