அல்ஃப்ரெட் ஜாரி: சைக்கிள் பந்தயம் முதல் உபு வரை, எங்கே தொடங்குவது?

மேடைப்பூனை:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் கல்லூரி நாடகக் குழு அடுத்து பிரெஞ்சு எழுத்தாளர் அல்ஃப்ரெட் ஜாரியை எடுக்கலாம் என்றிருக்கிறது. குழுவில் பலருக்கும் தெரிந்தது 'உபு ருவா' (உபு அரசன்) நாடகம் ஒன்றுதான். அதிலும் 1896 டிசம்பரில் பாரிஸில் முதல் வார்த்தை காதில் விழுந்ததுமே அரங்கம் ரெண்டுபட்டது என்ற கதைதான் தெரியும். தேடப் போனால் மனிதர் கைவைக்காத இடமே இல்லை போலிருக்கிறது. சைக்கிள் பந்தய நாவல், ரோமாபுரி நாவல், பட்டாளத்து நாவல், பொம்மலாட்டம், ஓபெரெட்டா (லேசான இசை நாடகம்), இல்லாத ஒரு விஞ்ஞானம் எல்லாம் இருக்கிறது. மூன்று கேள்விகள்:

எந்த வரிசையில் படிப்பது? 'லெ சுர்மால்' நாவலில் வரும் சைக்கிள் கணக்கெல்லாம் நிஜமா, சும்மா அடித்துவிட்டதா? (குழுவில் ஒருவர் டிராக் சைக்கிள் (வட்டப் பந்தயத் தளத்தில் ஓட்டுவது) ஓட்டுபவர், விடாமல் கேட்கிறார்.) ஏழு பேர், அரை மணி நேரம், மேடையில் எந்த வசதியும் கிடையாது என்றால் எந்தப் பகுதியைப் போடலாம்?

சக்கரவாகம்:
சைக்கிள் கேள்விக்கு மட்டும் நான். எண்கள் கிறுக்குத்தனமானவை, ஆனால் கணக்கு சரி.

'லெ சுர்மால்' 1902இல் வந்தது, கதை நடப்பது 1920இல். ஐந்தாம் அத்தியாயம்தான் பந்தயம்: பாரிஸிலிருந்து சைபீரியாவின் இர்குட்ஸ்க் போய்த் திரும்ப 10,000 மைல், அதாவது சுமார் 16,090 கிலோமீட்டர். ஒரு பக்கம் எக்ஸ்பிரஸ் ரயில், மறுபக்கம் ஐந்து பேர் மிதிக்கும் ஒரே சைக்கிள். வண்டியைக் கடை விலைப்பட்டியல் மாதிரி விவரிக்கிறார்: ஹேண்டில்பார் கிடையாது, டயர் 15 மி.மீ., பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி ஓடும் தூரம் 57.34 மீட்டர். ஓட்டுபவர்கள் குப்புறப் படுத்திருக்கிறார்கள், முகம் சீட்டைவிடத் தாழ்வாக. பத்துக் கால்களையும் அலுமினியக் கம்பிகள் இணைக்கின்றன.

இப்போது அந்த 57.34ஐப் பாருங்கள். இன்றைய பந்தய சைக்கிளில் முன்னால் 53 பல், பின்னால் 11 பல், சக்கரச் சுற்றளவு 2.1 மீட்டர் என்றால் ஒரு சுற்றுக்கு 10.1 மீட்டர்தான் வரும். ஜாரியின் எண்ணை அதே சக்கரத்தில் எட்ட, பின்னால் 11 பல்லுக்கு முன்னால் 300 பல் வேண்டும். அரை அங்குலச் செயினுக்கு அந்தப் பல்சக்கரத்தின் விட்டம் 1.2 மீட்டர். கிராங்க் (பெடலைத் தாங்கும் கம்பி) சுற்றும் அச்சு தரையிலிருந்து முக்கால் முழம்கூட இருக்காது, பல்சக்கரம் மண்ணை உழுதுவிடும். நடுவில் இன்னொரு அச்சு வைத்து இரண்டு கட்டமாகக் கியர் மாற்றினால்தான் நடக்கிற காரியம்.

புறப்படும்போது வேறு சிக்கல். 170 மி.மீ. கிராங்கில் பெடல் ஒரு சுற்றுக்கு 1.07 மீட்டர் நகர்கிறது, வண்டியோ 57.34 மீட்டர். எனவே காலில் கொடுக்கும் விசையில் 54இல் ஒரு பங்குதான் சாலைக்குப் போய்ச் சேரும். 70 கிலோ ஆள் முழு எடையையும் பெடலில் இறக்கினாலும் பின்சக்கரத்தில் 1.3 கிலோதான். ஐந்து பேர் சேர்ந்தாலும் ஆறரை கிலோ. யாராவது இழுத்துவிடாமல் அந்த வண்டி கிளம்புவது பெரும்பாடு.

ஆனால் ஓட ஆரம்பித்த பிறகு பாருங்கள். மணிக்கு 300 கி.மீ. என்று வையுங்கள்: நிமிடத்துக்கு 5,000 மீட்டர், அதை 57.34ஆல் வகுத்தால் 87 சுற்று. சாலையில் பந்தயம் ஓட்டும் எவருக்கும் சாதாரணமான மிதி அது! வேகம் நம்ப முடியாததாக இருக்க, கால் மட்டும் நிஜமாகச் சுற்றுகிறது. இது தற்செயலாக விழுந்த எண் என்று நான் நினைக்கவில்லை.

முன்னால் பெரிய வண்டி போய்க் காற்றைக் கிழித்துக் கொடுக்க, பின்னால் ஒட்டிக்கொண்டு ஓட்டுவது அந்தக் காலத்துப் பந்தயங்களில் வாடிக்கை. 1899 ஜூன் 30 அன்று அமெரிக்காவின் லாங் ஐலண்டில் சார்லஸ் மர்ஃபி என்பவர், தண்டவாளங்களுக்கு நடுவே பலகை பரப்பி, ரயிலின் கடைசிப் பெட்டிக்குப் பின்னால் மறைப்புக் கட்டி, ஒரு மைலை 57.8 விநாடியில் ஓட்டினார். மணிக்கு நூறு கிலோமீட்டர். நாவல் வருவதற்கு மூன்று வருடம் முன்பே நடந்தது இது.

நாவலில் அந்த ஐந்து பேரில் ஒருவரான ஜேக்கப்ஸ் செத்துப்போன பிறகும் தொடர்ந்து பெடல் மிதிப்பதை வெறும் கற்பனை என்று தள்ளாதீர்கள். ஃப்ரீவீல் (மிதிக்காதபோதும் சக்கரத்தை ஓடவிடும் அமைப்பு) இல்லாத வண்டியில் சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். காலைப் பெடலில் கட்டி, எல்லாக் கால்களையும் கம்பியால் சேர்த்தால், உயிர் இருக்கிறதா என்று இயந்திரம் கேட்காது. முதலில் பிணம் விறைத்து மற்றவர்களுக்குப் பாரமாகிறது, பிறகு இளகுகிறது, கடைசியில் உயிரோடிருப்பவர்களை முந்தி மிதிக்கிறது. விறைப்பு ஏறி இறங்கும் வரிசைகூடச் சரி. கடைசிப் படிதான் ஜாரியுடையது.

அந்த ஐவருக்கும் கொடுக்கும் 'நிரந்தர இயக்க உணவு' சாராயமும் ஸ்ட்ரிக்னினும் கலந்தது. ஸ்ட்ரிக்னின் என்பது நம் எட்டிக்கொட்டை விஷம்தான். துளியளவு கொடுத்தால் நரம்பை முடுக்கும் என்று நம்பி நெடுந்தூரப் பந்தயங்களில் அப்போது பயன்படுத்தினார்கள். நாவலுக்கு இரண்டு வருடம் கழித்து, 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில், மாரத்தான் வென்ற தாமஸ் ஹிக்ஸுக்கு ஓடும்போதே ஸ்ட்ரிக்னின், முட்டை வெள்ளைக்கரு, பிராந்தி கொடுத்தார்கள்.

உங்கள் டிராக் நண்பருக்கு இன்னொன்று: ஜாரி ஓட்டியது க்ளெமான் கம்பெனியின் 1896 'லுக்ஸ்' மாடல், டிராக் வண்டி. விலை 525 ஃப்ராங்க். வாங்கியது கடனுக்கு, அந்தக் கடன் சாகும்வரை அடையவில்லை.

பழையதாள்:
சக்கரவாகம் சொன்ன எண்கள் எல்லாம் சரி. ஆனால் சுர்மாலைச் சைக்கிளுக்காக மட்டும் படித்தால் பாதி நாவல் கைநழுவும். மனித உடம்பை இயந்திரமாக எண்ணினால் எங்கே போய் நிற்கும் என்பதுதான் அதன் விஷயம். பந்தயம் அதில் ஒரு நிரூபணம், அவ்வளவே. முடிவில் கதாநாயகன் மார்க்கெயைக் காதலிக்க வைப்பதற்காக 11,000 வோல்ட் இயந்திரத்தோடு இணைக்கிறார்கள். இயந்திரம் அவன்மேல் காதல்கொண்டுவிடுகிறது!

வரிசை என்னைக் கேட்டால் இப்படி. முதலில் 'ஏசுவின் பாடுகளை ஒரு மேட்டுச் சைக்கிள் பந்தயமாகப் பார்த்தால்' என்கிற பொருளில் தலைப்பிட்ட கட்டுரை. இரண்டு மூன்று பக்கம்தான். 1903 ஏப்ரலில் 'லெ கனார் சொவாஜ்' பத்திரிகையில் வந்தது. முதல் டூர் த ஃபிரான்ஸ் அதே வருடம் ஜூலையில், ஆக ஊரே சைக்கிள் பேசிக்கொண்டிருந்த நேரம். ஏசுவுக்குத் தீர்ப்பளித்துக் கை கழுவிய பிலாத்து பந்தயத்தைத் தொடங்கிவைக்கிறார். கை நனைந்தது நீர்க்கடிகாரத்தை எடுத்ததால். முள்ளில் டயர் பஞ்சர் ஆகிறது, ஏசு சிலுவை வடிவ ஃப்ரேமைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறுகிறார், வழியில் அவர் முகம் துடைத்த வெரோனிக்கா கோடாக் கேமராவோடு வந்த நிருபர். சிலுவைப் பாதையின் 14 ஸ்தலங்கள் 14 வளைவுகள். ஒரு வரியிலும் கேலி செய்கிற குரல் இல்லை, விளையாட்டுப் பக்கச் செய்தி எழுதுகிற குரல்தான். ஜாரியைப் படிக்கக் காது பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை. மேடையில் போடாதீர்கள். எழுத்தில் அந்த வறண்ட குரல் காப்பாற்றும், நடித்துக் காட்டினால் வெறும் சீண்டலாக நின்றுவிடும்.

அடுத்து 'உபு ருவா', பிறகு சுர்மால். நான்காவதாகத்தான் 'ஃபோஸ்ட்ரோல்' நாவல். ஜாரி இறந்து நான்கு வருடம் கழித்து, 1911இல்தான் முழுதாக அச்சானது. பாரிஸிலிருந்து பாரிஸுக்கே, தரைமேல், சல்லடைப் படகில் பயணம். கூட ஒரு கோர்ட் அமீனா, 'ஹா ஹா' என்பதைத் தவிர எதுவும் பேசாத ஒரு பபூன் குரங்கு. 'பாட்டாஃபிஸிக்ஸ்' என்கிற அந்த இல்லாத விஞ்ஞானத்தின் வரையறை இதில்தான் வருகிறது: கற்பனைத் தீர்வுகளின் விஞ்ஞானம். இதில் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முப்பது பக்கத்தில் மூடிவைத்துவிடுவார்கள்.

'மெஸ்ஸலின்' (1901, ரோமாபுரி), 'பகல்களும் இரவுகளும்' (1897, பட்டாளம்) இரண்டும் விருப்பமிருந்தால். 1894, 1895இல் வந்த முதல் இரண்டு புத்தகங்கள் குறியீட்டுக் கவிதைக் காட்டுக்குள் போகிறவை, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். க்ளோத் தெராஸ் இசையமைக்க எழுதிய ஓபெரெட்டாக்கள் பாடலாக நிற்கும், வாசிப்பாக நிற்காது.

உரிமை பற்றி: ஜாரி 1907இல் இறந்தவர், பிரெஞ்சு மூலத்துக்கு உரிமைத் தடை இல்லை. ஆங்கில மொழிபெயர்ப்புகள் அப்படியல்ல. உபுவை ஆங்கிலத்தில் தந்த பார்பரா ரைட் 2009இல்தான் காலமானார். அவர் பிரதியிலிருந்து தமிழாக்கி மேடையேற்றுவதானால் பதிப்பகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், அல்லது பிரெஞ்சு தெரிந்த ஒருவரைப் பிடியுங்கள்.

காகிதக்கூழ்:
ஏழு பேர், அரை மணி என்றால் 'உபு ருவா'வின் மூன்றாம் அங்கம் இரண்டாம் காட்சியை மையமாக வையுங்கள். அரசனாகிவிட்ட உபு, பிரபுக்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, பட்டம் என்ன, வருமானம் எவ்வளவு என்று கேட்டு, குழிக்குள் தள்ளுகிற காட்சி. பிறகு நீதிபதிகள், பிறகு நிதி அதிகாரிகள். முன்னால் முதல் அங்கத்து முதல் காட்சி (புருஷன் பெண்டாட்டி சண்டை), பின்னால் குடியானவர்களிடம் வரி வசூலிக்கும் காட்சி. மூன்றும் சேர்ந்து 20 நிமிடத்துக்குள் அடங்கும். மீதி நேரம் சிரிப்புக்கும் இடத்தைக் காட்டும் பலகை மாற்றவும் வேண்டும்.

வசதி இல்லை என்று கவலைப்படாதீர்கள். ஜாரியே அதைத்தான் கேட்டார். 1896 ஜனவரியில் இயக்குநர் லுன்யே-போவுக்கு எழுதிய கடிதத்தில் பட்டியல் இருக்கிறது: உபுவுக்கு முகமூடி, குதிரைக் காட்சிக்குக் கழுத்தில் தொங்கும் அட்டைக் குதிரைத் தலை, ஒரே பின்திரை, இடம் மாறும்போது மாலை விருந்து உடையில் ஒருவர் வந்து பலகை மாட்டுவது, படைக்குப் பதில் ஒற்றைச் சிப்பாய், எந்த ஊர், எந்தக் காலம் என்று காட்டாத உடை, முக்கியப் பாத்திரத்துக்குத் தனிக் குரல். பலகைக்காரரைக் கட்டியங்காரன் ஆக்கிவிடும் ஆசை வரும், அடக்குங்கள். அவர் பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது. குதிரையும் அப்படியே: பொய்க்கால் குதிரைக் கூடு கட்டி ஆட்டம் போட்டால் கண் முழுக்க அங்கே போய்விடும். தலை மட்டும், கயிறு தெரிகிற மாதிரி.

ஏழு பேர் கணக்கு: உபு, உபுவின் மனைவி, பலகைக்காரர் (சிப்பாயும் அவரே), மீதி நான்கு பேர் மாறி மாறிப் பிரபு, நீதிபதி, அதிகாரி. குழிக்கு இரண்டரை அடி உயர நீள மேசை, தரைவரை கறுப்புத் துணி, பின்னால் தடித்த பஞ்சு மெத்தை. விழுந்தவர் துணிக்குப் பின்னால் தவழ்ந்து போய் வேறு தொப்பியோடு வரிசையில் நிற்கட்டும். பிரபுக்களை இழுக்கும் கொக்கியாக வளைந்த பிடியுள்ள கைத்தடி போதும். கொக்கி தோள்பட்டையில் தைத்த வாரில் மாட்ட வேண்டும், கழுத்தில் அல்ல.

இந்தக் காட்சி கெடுவது எப்போதும் ஒரே காரணத்தால்: விழுகிற ஒவ்வொருவரும் தன் பங்குக்கு அலறி, துடித்து, தனி நகைச்சுவை செய்வார். வேண்டாம். பட்டம், வருமானம், 'குழிக்குள்!', தள்ளு. ஒவ்வொருவருக்கும் பத்து விநாடி, எல்லோரும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே விதமாக விழ வேண்டும். முதல் இரண்டு விழுகைக்கு யாரும் சிரிக்க மாட்டார்கள், பயந்து மாற்றிவிடாதீர்கள். நான்காவது ஐந்தாவதில் சிரிப்பு வரும், எட்டாவதில் நிற்கும். நிற்பதுதான் வேண்டும்.

இன்னொரு வழக்கமான பிழை, உபுவை நம் ஊர் அரசியல்வாதி யாரோ ஒருவராக ஜாடை காட்டுவது. முதல் சாயலிலேயே கைதட்டு கிடைக்கும், அதோடு பாத்திரம் சுருங்கிப்போகும். உபு, பிரான்சின் ரென் நகரப் பள்ளிப் பையன்கள் தங்கள் இயற்பியல் வாத்தியாரைக் கிண்டலடித்துக் கட்டிய உருவத்திலிருந்து வந்தது. பசி, பயம், பேராசை மூன்றும்தான் அது, கட்சி கிடையாது.

மேடைப்பூனை:
மூவருக்கும் நன்றி. உபுவின் முகமூடியும் பெரிய வயிறும் எப்படிச் செய்வது? மண்டபம் கடலோரம், ஈரக்காற்று. விளக்கு நான்கு எல்இடி மட்டும்.

காகிதக்கூழ்:
நான்கில் மூன்றைக் குழிக் காட்சிக்கு அணைத்துவிடுங்கள். முகமூடி நடிப்பு பற்றி ஜாரி எழுதிய கட்டுரையில் (இதுவும் 1896) தெளிவாகச் சொல்கிறார்: தலையை மெதுவாக மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசைத்தால் நிழல் முகமூடிமேல் நகரும், ஆறு அடிப்படை நிலைகள் போதும். வெளிச்சம் ஒரே திசையிலிருந்து, மேடை விளிம்பில் கீழிருந்து வந்தால்தான் இது நடக்கும். நான்கு பக்கமும் அடித்தால் முகமூடி செத்த தேங்காய்.

களிமண் அச்சின்மேல் வாஸலின் தடவி, கிழித்த செய்தித்தாள் ஐந்து அடுக்கு. வெட்டிய தாள் வேண்டாம், விளிம்பு தெரியும். ஒரு டம்ளர் மைதாவுக்கு ஐந்து டம்ளர் தண்ணீர், கைவிடாமல் கிளறிக் காய்ச்சுங்கள். போஸ்டர் பசையில் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம், வாயருகே வரும் பொருளில் கூடாது. பதிலுக்கு ஒரு ஸ்பூன் உப்பு போடுங்கள். இரண்டு அடுக்குக்கு ஒருமுறை முழுசாக உலர்த்துங்கள். அவசரப்பட்டு ஐந்தையும் ஒரே நாளில் ஒட்டினால் வெளியே காய்ந்து உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். கடலோரத்தில் ஃபேன் காற்று கட்டாயம். காய்ந்ததும் உள்பக்கமும் வார்னிஷ் அடியுங்கள், இல்லாவிட்டால் இரண்டாம் நாள் வியர்வையிலேயே தொளதொளத்துவிடும்.

மேலுதட்டோடு முகமூடியை நிறுத்துங்கள். வாயை மூடினால் குரல் உள்ளேயே சுற்றும், பின்வரிசைக்கு ஒரு வசனமும் போகாது.

வயிற்றுக்கு ஸ்பாஞ்ச் திணிக்காதீர்கள், பத்து நிமிடத்தில் நடிகர் வெந்துபோவார். பிரம்பு வளையம் மூன்று, மேலே துணி, தோளிலிருந்து வார். காற்று உள்ளே போய்வரும், அரை கிலோவைத் தாண்டாது. ஜாரி வரைந்த உபு படத்தில் வயிற்றில் சுருள் கோடு இருக்கும். அதை நடிகர் அணிந்த பிறகு வரையுங்கள். தரையில் விரித்து வரைந்தால் மையம் தொப்புளை விட்டு எங்கோ போய் நிற்கும்.