‘ஃப்ளிக்கர்-ஃப்ரீ’ திரைக்குத் தமிழ்ச்சொல்: இமையா, நந்தா, இடையறா

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு சொல் வேண்டும். இந்த வாரத்துக்குள் கிடைத்தால் நல்லது.

நான் நாள் முழுக்க மெய்ப்புப் பார்க்கிறவன். திரையில் புள்ளி விட்டுப்போன எழுத்தைத் தேடுவதுதான் பிழைப்பு. பழைய மானிட்டர் போன மாதம் கண்ணை மூடியது. கடைக்குப் போய் 24 அங்குலத்தில் ஒன்று வாங்கி வந்தேன். படம் பளிச்சென்று இருந்தது. மூன்றாம் நாளிலிருந்து சாயங்காலமானால் நெற்றிப்பொட்டில் வலி. வெளிச்சம் அதிகமோ என்று இருபதுக்கு இறக்கினேன். வலி இன்னும் கூடிவிட்டது. குறைத்தால் கூடுமா?

மகள் எதற்கோ அந்தத் திரையைப் போனில் படம் பிடித்தாள். படம் முழுக்க வரிக்குதிரை மாதிரி கறுப்புப் பட்டைகள். வெளிச்சத்தை நூறுக்கு ஏற்றி எடுத்தால் பட்டை இல்லை. இறக்கினால் திரும்ப வருகிறது. கடையில் போய்ச் சொன்னேன். “அப்ப நீங்க ஃப்ளிக்கர்-ஃப்ரீ மாடல் பாருங்க சார்” என்றார்கள். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

என்னைப் போன்ற மெய்ப்பாளர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் கண்ணுக்கு இதமான திரை தேர்ந்தெடுப்பது பற்றி எட்டுப் பக்கத்தில் ஒரு கையேடு எழுதத் தொடங்கினேன். முதல் பக்கத்திலேயே இந்தச் சொல்லில் வண்டி நின்றுவிட்டது. கையில் இருப்பவை: மினுக்கமற்ற, நடுக்கமற்ற, துடிப்பற்ற, இமையா. ‘இமையாத் திரை’ மேல்தான் எனக்கு ஆசை. தேவர்களை இமையவர் என்கிறோம் இல்லையா, அந்த அழகு அதில் இருக்கிறது.

— மெய்ப்பாளன், மதுரை

------

ஐயா, வணக்கம்.

கோவையில் மானிட்டர் பிரித்துப் பழுது பார்க்கிறவன் நான். சொல்லுக்கு முன்னால் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

எல்சிடி திரை தானாக ஒளிராது. அதன் பின்னால் எல்இடி வரிசை ஒன்று எரிகிறது. அந்தப் பின்னொளியைக் குறைக்க இரண்டு வழி. மின்னோட்டத்தையே குறைப்பது ஒன்று, தண்ணீர்க் குழாயைப் பாதி திருகி வைப்பது போல. இன்னொன்று, மின்னோட்டத்தை அப்படியே விட்டுவிட்டு விளக்கை நொடிக்குச் சில நூறு முறை அணைத்து அணைத்துப் போடுவது. குழாயை முழுசாகத் திறந்து திறந்து மூடுவது என்று வையுங்கள். வாளியில் சேரும் தண்ணீர் ஒன்றுதான். கண்ணும் சராசரியைத்தான் பார்க்கிறது. இந்த இரண்டாவது வழிக்குத்தான் பி.டபிள்யூ.எம். (பல்ஸ் விட்த் மாடுலேஷன், துடிப்பின் அகலத்தை மாற்றுவது) என்று பெயர். மலிவு. குறைத்தாலும் நிறம் மாறாது. அதனால் தயாரிப்பாளர்களுக்குப் பிடிக்கும்.

இதில் வெளிச்சத்தை இருபதுக்கு இறக்கினால் ஐந்தில் நான்கு பங்கு நேரம் பின்னொளி அணைந்தே கிடக்கிறது. நூறில் அணைவதே இல்லை. குறைத்தபோது உங்களுக்கு வலி கூடியதும், நூறில் பட்டை காணாமல் போனதும் இதனால்தான். எல்லாருக்கும் வலிக்காது. என் கடையிலேயே பக்கத்து மேசைப் பையன் அதே திரையில் இரவு இரண்டு மணி வரை விளையாடுவான், ஒன்றும் ஆகாது. எனக்கு அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

எல்இடிக்கு முந்தைய திரைகளிலும் இந்த வித்தை இருந்தது. ஆனால் அவற்றில் இருந்தது மெல்லிய குழல்விளக்கு. உள்ளே பூசிய பாஸ்பர் அணைத்த பிறகும் சற்றே ஒளிர்ந்துகொண்டிருக்கும், ஓரம் மழுங்கிவிடும். எல்இடி டக்கென்று அணையும், டக்கென்று எரியும்.

வாங்குமுன் சோதிக்கப் பென்சில் போதும். வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, வெளிச்சத்தை இருபதுக்கு இறக்கி, திரைக்கு முன் பென்சிலை விசிறி மாதிரி வேகமாக ஆட்டுங்கள். ஒரே மங்கலான வீச்சாகத் தெரிந்தால் நல்லது. பத்துப் பென்சில் தனித்தனியாக விரித்து வைத்ததுபோல் தெரிந்தால் அந்தத் திரை அணைந்து அணைந்து எரிகிறது. அறை விளக்கை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுற்று. சுற்றுக்கு இரண்டு முறை என்று பழைய சோக் வைத்த ட்யூப்லைட் நொடிக்கு 100 முறை மங்கி எழும். பழி திரை மேல் விழும்.

இனி உங்கள் பட்டியல்.

> நடுக்கமற்ற

நடுங்கினால் படம் இடம் மாறி ஆட வேண்டும். இங்கே படம் அசையவே இல்லை.

> துடிப்பற்ற

துடிப்பு என்பது பொறியியலில் சரியான சொல்தான். ஆனால் ‘துடிப்பற்ற திரை’ என்று யாராவது சொன்னால் நான் ஸ்க்ரூடிரைவரை எடுப்பேன். செத்துப்போன திரை என்றுதான் காதில் விழுகிறது.

> இமையா

கேட்க நன்றாக இருக்கிறது. பெட்டியில் அச்சடித்தால் புரியுமா என்றுதான் யோசனை.

— வன்பொருள்காரன்

------

தம்பிமாருக்கு வணக்கம்.

‘மினுக்கம்’ பற்றி ஒருவரும் சொல்லேல்லை. எங்கட பக்கம் மினுங்குது எண்டால் பளபளக்குது எண்டுதான் அர்த்தம். கலியாண வீட்டில நகை மினுங்கும். ‘மினுக்கமற்ற திரை’ எண்டு கண்டால் வெளிச்சம் தெறிக்காத, மங்கல் பூச்சுப் பூசின திரை எண்டு நினைச்சு வாங்கிக்கொண்டு வந்திடுவன். அது வேற விசயமெல்லே.

‘இமையா’வும் எனக்குச் சரியாப் படேல்லை. சும்மா இருக்கேக்க நிமிசத்துக்குப் பதினைஞ்சு தரமாவது கண் இமைக்கிறம். திரைக்கு முன்னால அது பாதிக்கும் கீழ போயிடும், கண் காய்ஞ்சு எரியிறது அதாலதான் எண்டு கண் வைத்தியர் சொல்லி, அடிக்கடி இமைக்கச் சொன்னவர். தம்பி, உங்கட கையேட்டில முதல் பக்கத்தில ‘இமையாத் திரை வாங்குங்கள்’, அஞ்சாம் பக்கத்தில ‘மறக்காமல் இமையுங்கள்’ எண்டு எழுதினால் வாசிக்கிற ஆளுக்கு என்ன விளங்கும்?

— யாழ்ப்பாணத்து அக்கா

------

தம்பி,

கோயில் கல்வெட்டுகளில் திருநந்தா விளக்கு என்று பார்த்திருப்பீர்கள். இரவும் பகலும் அணையாமல் எரியும் விளக்கு. சோழர் காலத்தில் ஒரு விளக்குக்கு 96 ஆடு விடுவார்கள். சாவா மூவாப் பேராடு என்று அதற்குப் பெயர். செத்ததற்கு ஈடாகக் குட்டி சேர்ந்துகொண்டே இருக்கும், எண்ணிக்கை குறையாது, நாளுக்கு உழக்கு நெய்யும் நிற்காது. நந்தா என்றால் கெடாத, குறையாத. ‘நந்தாவொளித் திரை’ என்று வைக்கலாமே. ஆயிரம் ஆண்டு கல்லில் இருக்கிற சொல்.

— ஓய்வுபெற்ற தமிழாசிரியன், தஞ்சை

------

ஐயா, மன்னிக்கணும். ‘நந்தாவொளி’ என்று பெட்டியில் போட்டால் வாடிக்கையாளர் என்னிடம் முதலில் கேட்பது “கரண்ட் போனாலும் எரியுமா?” என்றுதான். ஆடும் கேட்பார்கள்.

— வன்பொருள்காரன்

------

வணக்கம். ஒரு வாரமாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். மென்பொருள் இடைமுகங்களைத் தமிழாக்குவது என் வேலை. சொல் பொத்தானுக்குள் அடங்குமா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

நல்லவேளை, ‘கண்காப்புத் திரை’, ‘கண்ணுக்கு இதமான திரை’ என்று யாரும் சொல்லவில்லை. கையேட்டின் தலைப்பில் அது இருக்கட்டும். கலைச்சொல்லாக வேண்டாம். அது விற்கிறவர் வாக்கு, அதைப் பென்சிலை ஆட்டிச் சோதிக்க முடியாது. நீல ஒளி விவகாரத்தைப் பாருங்கள். நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடிகளை ‘கண்காப்பு’ என்றுதான் விற்றார்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2023இல் வெளியிட்ட மதிப்பாய்வு, திரையால் வரும் கண் அயர்ச்சியைக் குறுகிய காலத்தில் அவை குறைப்பதாகத் தெரியவில்லை என்றது. பெயரிலேயே பலனைச் சொல்லிவிட்டால் நாளைக்கு அந்தப் பலன் பொய்யானாலும் பெயர் நம் தலையில் நிற்கும். ஒளி என்ன செய்கிறது என்பதை மட்டும் பெயர் சொல்லட்டும், கண் என்ன ஆகிறது என்பதை வாங்குகிறவர் பார்த்துக்கொள்வார்.

ஒளி என்ன செய்கிறது? நடுவில் அறுந்து அறுந்து வருகிறது. நல்ல திரையில் அறுவதில்லை. ‘இடையறாத முயற்சி’, ‘இடையறாத மழை’ என்று பள்ளிப் பிள்ளைகூட எழுதும். ‘இடையறா ஒளி’ என்று வைத்தால் என்ன?

‘தொடரொளி’யும் யோசித்தேன். தொடர் விளக்கு என்றால் மாரியம்மன் திருவிழாவில் அணைந்து அணைந்து எரியும் சீரியல் செட்தான் நினைவுக்கு வருகிறது, நேர் எதிர்! ‘சீரொளி’ இன்னும் குறும்சொல், ஆனால் அதை லேசருக்குக் கொடுத்துவிட்டோம்.

— இடைமுகத் தமிழாக்கி, சென்னை

------

தமிழாக்கி அக்கா, உங்கள் ‘இடையறா ஒளி’க்கு என் ஓட்டு. ஒரு சிக்கல் மட்டும் சொல்லிவிடுகிறேன்.

‘ஃப்ளிக்கர்-ஃப்ரீ’ என்று எழுதி விற்கிற எல்லாமே மின்னோட்டத்தைக் குறைக்கிறவை இல்லை. சிலவற்றில் விளக்கு அணைந்து அணைந்துதான் எரியும், ஆனால் நொடிக்குப் பல ஆயிரம் முறை. எல்இடி விளக்குகளுக்காக ஐ.இ.இ.இ. என்ற பொறியாளர் அமைப்பு 2015இல் வெளியிட்ட 1789ஆம் எண் பரிந்துரைப்படி பார்த்தால், முழுக்க அணைந்து எரிகிற விளக்காக இருந்தாலும் நொடிக்கு 1,250 முறைக்கு மேல் போனால் ஆபத்து குறைவு, 3,000க்கு மேல் போனால் கவலையே வேண்டாம். அதனால் தயாரிப்பாளர்கள் அவற்றுக்கும் அந்த முத்திரையைக் குத்துகிறார்கள். ‘இடையறா’ என்பதைக் கறாராக எடுத்தால் அவை உள்ளே வராது.

வர வேண்டாம் என்பதுதான் என் கட்சி. ஆங்கிலச் சொல் தளர்வாக இருக்கிறது என்பதற்காகத் தமிழும் தளர வேண்டுமா? அவற்றை ‘மிகைவேக அணைப்பு’ என்றோ வேறு எப்படியோ தனியாகச் சொல்லலாம். மின்னோட்டத்தைக் குறைத்து மங்க வைப்பதை மட்டும் இடையறா ஒளி என்போம்.

— வன்பொருள்காரன்

------

எல்லாருக்கும் நன்றி.

‘இமையா’வை மனசில்லாமல் எடுத்துவிட்டேன். யாழ்ப்பாணத்து அக்கா சொன்ன அந்த ஐந்தாம் பக்கம் உண்மையிலேயே கையேட்டில் இருக்கிறது. தமிழாசிரியர் ஐயா கோபித்துக்கொள்ள வேண்டாம், நந்தா விளக்கை அடிக்குறிப்பில் ஏற்றியிருக்கிறேன், 96 ஆட்டோடு.

கையேட்டில் இப்படிப் போகிறது: இடையறா ஒளி: வெளிச்சத்தை எவ்வளவு குறைத்தாலும் அணைந்து அணைந்து எரியாத பின்னொளி. இதற்கு எதிர்ப்பதமாக ‘விட்டெரிதல்’ என்று எழுதிப் பார்த்தேன். ரகரம் ஒரு இடத்தில் றகரமானால் திரையை விட்டெறியச் சொன்னதாகிவிடும். இதே பிழையை எத்தனை கையெழுத்துப்படியில் திருத்தியிருக்கிறேன்! எதிர்ப்பதம் இப்போதைக்கு ‘விட்டு விட்டு எரிதல்’ என்று நீளமாகவே இருக்கட்டும்.

நடுவில் நான் திரையை மாற்றிவிட்டேன். சொல்லைத் தேடும்போது இன்னொன்றும் தெரிந்தது. தமிழுக்கு விட்டு விட்டு எரியாமல் இருந்தால் மட்டும் போதாது. 27 அங்குலத்தில் 1080 வரிசை என்றால் அங்குலத்துக்கு 82 படப்புள்ளி (பிக்சல்) தான். எழுத்தைச் சிறிதாக வைத்தால் மெய்யெழுத்தின் புள்ளிக்கு ஒரே ஒரு படப்புள்ளி மிஞ்சும், அதுவும் சாம்பலாக. ‘பார்க்’ என்பதா ‘பார்க’ என்பதா என்று திரைக்குள் மூக்கை நுழைக்க வேண்டியிருக்கும். ண்ணையும் ன்னையும் சுழி எண்ணித்தான் பிரிக்க வேண்டும். 24 அங்குலத்தில் அதே 1080 என்றால் 92, கொஞ்சம் தேவலை. 27 அங்குலத்தில் 1440 என்றால் 109. நான் அதைத்தான் எடுத்தேன். பூச்சு மங்கல். ஜன்னலுக்கு எதிரே உட்காருகிறவனுக்கு வேறு வழியில்லை.

வாங்குமுன் கடையிலேயே பென்சிலை ஆட்டிப் பார்த்தேன். விளக்கை அணைக்கச் சொன்னதும் கடைப்பையன் ஒரு மாதிரி பார்த்தான். முதல் இரண்டு திரையிலும் பத்துப் பென்சில். மூன்றாவதில் ஒரே வீச்சு. பையன் என் கையிலிருந்து பென்சிலை வாங்கி அவனும் ஆட்டிப் பார்த்துவிட்டு, “ஏன் சார், இதுல மட்டும் பென்சில் ஒண்ணா இருக்கு?” என்றான்.

இடையறா ஒளி என்றேன். “ஓ, விட்டு விட்டு எரியலையா” என்றான்.

— மெய்ப்பாளன்