கொரோனா காலக் கேள்வி: கொடைக்கானலில் இரண்டு குடும்பம் சேர்ந்து வெளியே போக எந்த இடம் சரி?

ஏரிரோடு_அம்மா:
வீட்டில் 72 வயது மாமியார், சர்க்கரை உண்டு. 9 வயதுப் பெண், 4 வயதுப் பையன். கொரோனாவால் பள்ளிக்கூடம் மூடியதிலிருந்து இரண்டும் போனை விட்டு நகர்வதில்லை. அடுத்த வாரம் திண்டுக்கல்லிலிருந்து நாத்தனார் குடும்பம் 4 பேர் வருகிறார்கள், தங்குவது வேறு வீட்டில். கோக்கர்ஸ் வாக் நடைபாதை திறந்தவெளிதானே, எல்லோரும் ஒரே வேனில் போய்விட்டு வரலாம் என்கிறார் நாத்தனார். மாமியாரையும் விட்டுவிட்டுப் போக மனசில்லை. என்ன செய்யலாம்?

பேத்துப்பாறை_நடையன்:
கோக்கர்ஸ் வாக் திறந்தவெளிதான், ஆனால் ஒதுங்க இடம் கிடையாது. சுமார் 1 கிலோமீட்டர் நீளம், ஒரு பக்கம் கம்பி, அதற்கு அப்பால் சரிவு. மூடுபனி விலகியதும் எல்லோரும் ஒரே இடத்தில் நின்று போட்டோ எடுப்பார்கள். நுழைவுச்சீட்டு வாங்க வரிசை வேறு. டால்பின்ஸ் நோஸ் பாதையிலும் இதே கதைதான், அங்கே இறக்கமும் சேர்ந்துகொள்ளும். மாமியாருக்கு வேண்டாம்.

ஏரியைச் சுற்றும் சாலை பரவாயில்லை. முழுச்சுற்று 5 கிலோமீட்டர், சர்க்கரை உள்ள பெரியவருக்கும் 4 வயதுக்கும் அது அதிகம். 20 நிமிடம் போய் அதே வழியில் திரும்புங்கள். சனி, ஞாயிறைத் தவிர்த்துவிடுங்கள். காலை 7 மணிக்குக் கிளம்பி 9:30-க்குள் முடித்தால் கூட்டமும் இல்லை, மதியத்துக்கு மேல் ஏறும் பனியும் இல்லை. அதற்கும் முன்னால் இருட்டோடு போகாதீர்கள், காட்டுமாடு சாலையில் நிற்கும். எதிர்ப்பட்டால் 50 மீட்டர் தள்ளியே நின்று, அது போன பிறகு நடக்கலாம். கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் மட்டும் போய்விடக் கூடாது.

நான் பயப்படுவது வேனுக்குத்தான். மலையில் மழை பிடித்தால் கண்ணாடி மங்கும், உடனே ஜன்னலை ஏற்றிவிட்டு ஏசியை உள்காற்றுச் சுழற்சியில் போடுவார்கள். 9 பேர் விட்ட மூச்சே உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும். இரண்டு வண்டியாகப் போங்கள். முடியாவிட்டால் வெளிக்காற்று வரும் பொத்தானைப் போட்டு, முன்பக்க வலது ஜன்னலையும் பின்பக்க இடது ஜன்னலையும் மூன்று விரல் அளவு இறக்குங்கள். குறுக்காகக் காற்று ஓடும், கொண்டை ஊசி வளைவில் பிள்ளைகளுக்கு வாந்தியும் குறையும். வாந்தி வருகிற பிள்ளைக்கு மாஸ்க்கை முதலில் கழற்றுங்கள்.

இன்னொன்று. மழை வந்ததும் ஊரே ஒரு டீக்கடைக் கூரைக்குக் கீழே நெருக்கியடிக்கும், ஒருநாள் பார்த்த ஜாக்கிரதை எல்லாம் அந்த 15 நிமிடத்தில் வீண். ஆளுக்கொரு குடை கட்டாயம். குடை விரித்தால் இடைவெளியும் தானாக வந்துவிடும்.

மூஞ்சிக்கல்_நர்ஸ்:
மேலே சொன்னதோடு சில விஷயம்.

துணி மாஸ்க் மூடுபனியில் அரை மணி நேரத்தில் ஈரமாகும். ஈரமானால் மூச்சு முட்டும், வடிகட்டுவதும் குறையும். ஆளுக்கு 3 எடுத்துப்போய் ஈரமானதைத் தனிக் கவரில் போடுங்கள். ஏற்றத்தில் பக்கத்தில் யாரும் இல்லையென்றால் கழற்றிக்கொள்ளலாம், ஆள் வரும்போது போட்டால் போதும். 5 வயதுக்குக் கீழே மாஸ்க் தேவையில்லை, பையனை வற்புறுத்த வேண்டாம்.

இரண்டு குடும்பமும் இரண்டு விரிப்பு, 6 அடி இடைவெளி. ஒரே சட்டியிலிருந்து பரிமாறாதீர்கள், புளிசாதமோ சப்பாத்தி ரோலோ ஆளுக்கொரு பொட்டலமாகக் கட்டுங்கள். மாஸ்க் இல்லாமல் முகத்துக்கு முகம் பேசுவது சாப்பிடும்போதுதான். மாமியாருக்கு மட்டும் நேரத்துக்குச் சாப்பாடும் கையில் மிட்டாயும் இருக்கட்டும். மாத்திரை போட்டுவிட்டு நடந்தால் சர்க்கரை இறங்கும்.

ஆக்சிமீட்டர் (விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் கருவி) வைத்திருப்பவர்கள் கவனிக்க: இங்கே 2,100 மீட்டர் உயரம். காற்றில் ஆக்ஸிஜன் அதே 21 சதவீதம்தான், அழுத்தம்தான் குறைவு. அதனால் நலமாக இருப்பவருக்கே கீழே காட்டுவதைவிட ஒன்றிரண்டு புள்ளி குறையும். குளிர்ந்த விரல், நகப்பாலிஷ் இரண்டும் அளவைக் கெடுக்கும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, 5 நிமிடம் உட்கார்ந்த பிறகு பாருங்கள். நலமாக இருக்கும்போதே ஒவ்வொருவர் அளவையும் எழுதி வைத்தால், காய்ச்சல் வரும்போது ஒப்பிடலாம். அதற்காக 94-க்குக் கீழே போனதை மலைதானே என்று விட்டுவிடக் கூடாது, டாக்டரைக் கூப்பிடுங்கள்.

ஏரிரோடு_அம்மா:
ரொம்ப நன்றி. படகு? பிள்ளைகள் எங்கே விளையாடலாம்? பைன் காடு சரிவருமா?

செண்பகனூர்_தோட்டம்:
ஒரு வீட்டார் மட்டும் ஏறினால் பெடல் படகு நல்லதுதான், சுற்றிலும் காற்று. வரிசைதான் சிக்கல், திறந்தவுடன் போய்விடுங்கள். லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக் கழற்றியதும் கையில் சானிடைசர், வேறொன்றும் வேண்டாம்.

பைன் காட்டில் சரிவில் ஓடவிடாதீர்கள், காய்ந்த ஊசியிலை மேல் செருப்பு வழுக்கும். காற்று பலமாக இருந்தால் மரத்தடியே வேண்டாம். சோலைக்குள் மழைக்காலத்தில் அட்டை ஏறும். பேன்ட்டைச் சாக்ஸுக்குள் விட்டுக்கொள்ளுங்கள், ஒட்டினால் நகத்தால் ஓரத்தை நெம்பி எடுங்கள், தீயால் சுடாதீர்கள்.

கத்தாத விளையாட்டாகத் தேர்ந்தெடுங்கள். கத்தும்போது பேச்சைவிட நிறையத் துளி வெளியே வரும், அதனால் எதிரொலி கேட்கக் கூவுவதும் கபடியும் இப்போது வேண்டாம். ஒரு வீட்டுக்கு 4 மீட்டர் கயிறு ஒன்று கொடுத்து ஒரு மீட்டர் சதுரமாகத் தரையில் போடச் சொல்லுங்கள். உள்ளே எத்தனை வகைச் செடி, எத்தனை பூச்சி என்று 20 நிமிடம் எண்ணி எழுதட்டும். 9 வயதுக்கு இது பிடிக்கும், சின்னவனுக்குக் கல் பொறுக்கும் வேலை. செம்மீசைச் சின்னான் பறவையைப் பார்க்கப் பைனாகுலர் தேவையில்லை, வேலியிலேயே உட்காரும்.

வெறும் புல்லில் உட்காரக் கூடாது, விரிப்பு வேண்டும்.

மூஞ்சிக்கல்_நர்ஸ்:
அதற்குக் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். புதரிலும் உயரமான புல்லிலும் இருக்கும் சிறு பூச்சி கடித்து உண்ணிக்காய்ச்சல் வரும். கடித்து 10 நாள் போல ஆனபிறகு காய்ச்சல், தலைவலி, உடம்புவலி. கொரோனா டெஸ்ட் நெகட்டிவ் என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு மடிப்பில் சிகரெட் சுட்டது மாதிரி வலியில்லாத கருப்புத் தழும்பு இருக்கிறதா பாருங்கள், எல்லோருக்கும் இருக்காது. டாக்டரிடம் புல்வெளிக்குப் போன விஷயத்தைச் சொன்னால் அவர் அதற்கும் பரிசோதிப்பார், சீக்கிரம் கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் போன்ற மாத்திரையில் சரியாகும். திரும்பி வந்ததும் பிள்ளைகளைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, போட்டிருந்த துணியை வெந்நீரில் துவையுங்கள். விரிப்பையும்தான்.