சாக்கோப்டெரிஜியை: ‘தசைச்செட்டையுளி’ என்று சொல்லலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

சீலகாந்த் என்ற கடல் மீன், நுரையீரல் மீன், அவற்றோடு நாலுகால் விலங்குகளும் அடங்கும் சாக்கோப்டெரிஜியை (Sarcopterygii) என்ற பெருங்குழுவுக்கு ‘இதழ்த்துடுப்பு மீன்’ என்ற பெயர் போதும் என்று தமிழகத்து நண்பர் எழுதியிருந்தார். அழகான சொல்தான். ஆனாலும் எனக்கு அது மூன்று இடத்தில் முட்டுகிறது.

இதழ் என்றதும் மெல்லிய ஒன்றுதான் மனதில் வரும். இந்த மீன்களின் சிறப்போ நேர்மாறானது. யாழ்ப்பாணத்துப் பாசையூர்ச் சந்தையில் ஒரு பாரை வாங்கி அதன் பக்கச்செட்டையை விரித்துப் பாருங்கள். மெல்லிய கதிர்கள், நடுவே ஒளி ஊடுருவும் சவ்வு, அவ்வளவுதான். கறிக்கு உதவாதென்று வெட்டி எறிகிறோம். அதை அசைக்கும் தசை உடம்போடு நின்றுவிடுகிறது. சீலகாந்திலும் நுரையீரல் மீனிலும் தசையும் எலும்பும் செட்டைக்குள்ளேயே இறங்கி வருகின்றன. தோளோடு பொருந்துவது ஒரேயோர் எலும்பு. எங்கள் மேற்கை எலும்பான புயவென்புக்கு நிகரானது அதுதான். ஏறத்தாழ 38.5 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த யூஸ்தெனோப்டெரான் என்ற மீனில் அதற்கடுத்து முன்கை எலும்புகளான ஆரையும் அரந்தியும்கூட இருக்கின்றன. கனடாவின் எல்ஸ்மியர் தீவில் 2004இல் கிடைத்த டிக்டாலிக் என்ற புதைபடிவம் இன்னும் வியப்பு. வயது சுமார் 37.5 கோடி ஆண்டு. செதிலும் செட்டைக் கதிரும் மீனுடையவை, ஆனால் செட்டைக்குள் மணிக்கட்டு போன்ற மூட்டு, தலையைத் தனியே திருப்பக் கழுத்து. இவ்வளவுக்கும் அடிப்படையான தசை பெயரில் வராமல் எப்படி? கிரேக்கப் பெயரின் முற்பாதியும் சதையைத்தான் சொல்கிறது. ‘சதைச்செட்டை’ என்றால் கொழுத்த செட்டை என்றுதான் படும். அசைக்கும் ஆற்றல் ‘தசை’யில்தான் தெரிகிறது.

‘துடுப்பு’ எங்கள் பக்கத்தில் வள்ளம் வலிப்பது. மீனுக்கும் கோழிக்கும் செட்டை என்றே சொல்லுவோம். கிரேக்க ‘டெரிக்ஸ்’ என்ற சொல்லுக்கும் சிறகு, மீன்செட்டை என்று இரண்டு பொருளும் உண்டு. இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்?

அடுத்தது ‘மீன்’. தவளை, பல்லி, காகம், நாங்கள் எல்லோரும் இந்தக் கிளையில் வந்தவர்கள்தான். இன்று வாழும் மீன்களில் எங்களுக்குக் கிட்டிய உறவு நுரையீரல் மீன் என்பதை 2013இல் வெளியான சீலகாந்தின் மரபணுத்தொகுதி ஆய்வும் உறுதிசெய்தது. நுரையீரல் மீனுக்குப் பாரையைவிட நாங்களே நெருங்கிய சொந்தம். அப்படியிருக்க, குழுவின் பெயரிலேயே மீனை வைத்தால் பிள்ளைகளுக்கு அந்த உறவு பிடிபடாது. பாடநூலில் முள்ளந்தண்டு உள்ளதை ‘முள்ளந்தண்டுளி’ என்று படிப்பிக்கிறோமே, அதே அச்சில் ‘தசைச்செட்டையுளி’ என்போம். மீன் வடிவில் உள்ளவற்றை மட்டும் சொல்லும்போது ‘தசைச்செட்டை மீன்’ எனலாம்.

சரி, செட்டையில் கதிர்கள் மட்டுமுள்ள, பாரை சேரும் எதிர்க்குழுவுக்கு? ‘ஆரைச்செட்டை’ வேண்டாம். ஆரை ஏற்கெனவே முன்கை எலும்பின் பெயர். அந்த எலும்பு இருப்பதோ தசைச்செட்டையுளிகளில். குழப்பம் நிச்சயம். ‘கதிர்ச்செட்டையுளி’ நல்லது.

சீலகாந்துக்குத் ‘தொன்மீன்’ என்ற யோசனையை நான் ஏற்கமாட்டேன். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்ததாக நம்பியிருந்த சீலகாந்துக் குழுவின் மீனொன்று 1938 டிசம்பரில் தென்னாபிரிக்கக் கடலில் உயிரோடு பிடிபட்டதால் அந்த எண்ணம் வருகிறது. ஆனால் அன்று பிடிபட்ட அந்த லற்றிமேரியா எங்கள் மூதாதை அல்ல. கல்லில் பதிந்த சீலகாந்துகளும் அதுவும் ஒரே பேரினம்கூட இல்லை. அதுவும் இத்தனை காலம் மாறிக்கொண்டே வந்த உயிர்தான். ஒலிபெயர்ப்பாகச் ‘சீலகாந்த்’ என்றே விடுவோம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள்.