ஸ்டார்டியூ வேலி: 12 விலங்குகள், ஒரே சைலோ – குளிர்காலத்துக்கு வைக்கோல் போதுமா?

கேள்வி: புதுப்பண்ணைக்காரன்

அனைவருக்கும் வணக்கம். ஸ்டார்டியூ வேலி என்ற பண்ணை வீடியோ கேமில் என் முதல் ஆண்டு இலையுதிர்காலத்தின் 20ஆம் நாள் காலையில் ஆட்டத்தை நிறுத்தி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். பெரிய கோழிக்கூண்டில் 8 கோழிகளும், இன்னும் மேம்படுத்தாத தொழுவத்தில் 4 பசுக்களும் இருக்கின்றன. வைக்கோல் சேமிக்கும் களஞ்சியமான சைலோ ஒன்றே ஒன்றுதான். அதைச் சொடுக்கினால் 240க்கு 240 என்று காட்டுகிறது.

வசந்தகாலத்தின் முதல் வாரத்தில், பயிரிட இடம் வேண்டும் என்பதற்காக, வீட்டு வாசலிலிருந்து தெற்கு எல்லை வரை இருந்த புல் முழுவதையும் அரிவாளால் அறுத்துத் தள்ளினேன். அப்போது ஒரு துரும்புகூடக் கையில் சேரவில்லை. சைலோ கட்டிய பிறகு எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. ஆனால் கடந்த இரண்டு நாட்களாக எவ்வளவு அறுத்தாலும் 240ஐத் தாண்ட மறுக்கிறது. அறுத்த புல் எங்கே போகிறது என்பது முதல் ஐயம்.

இரண்டாவது, குளிர்காலம் முழுவதும் விலங்குகள் வெளியே வராது என்று கேள்விப்பட்டேன். இந்த 240 போதுமா, போதாதென்றால் கால்நடைக் கடைக்காரர் மார்னியிடம் விலைக்கு வாங்குவதா, இரண்டாவது சைலோ கட்டுவதா? என்னிடம் 3,100 பொற்காசுகள் உள்ளன. கல்லுக்குக் குறைவில்லை. களிமண் 7, செப்புக்கட்டி 2 மட்டுமே இருக்கின்றன.

மறுமொழி 1: ஆற்றங்கரைப் பண்ணை

வணக்கம் நண்பரே. முதல் ஐயத்துக்கு விடை எளியது, ஆனால் மனத்துக்குக் கசப்பானது. அறுத்த புல் எங்கும் போகவில்லை, அழிந்துவிட்டது. இந்த ஆட்டத்தில் புல்லை அறுக்கும்போது வைக்கோல் நம் பைக்கு வருவதில்லை, நேராகச் சைலோவுக்குப் போகிறது. சைலோ இல்லாவிட்டாலோ, இருந்தும் இடம் இல்லாவிட்டாலோ, அந்த வைக்கோல் எவ்வித அறிவிப்பும் இன்றி மறைந்துவிடும். வசந்தத்தில் நீங்கள் இழந்ததும், கடந்த இரண்டு நாட்களாக இழந்துகொண்டிருப்பதும் ஒரே காரணத்தால்தான். ஆகவே இந்தப் பதிலைப் படித்தவுடன் அரிவாளைப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். வயலில் நிற்கும் புல் இப்போதைக்கு உங்களுடைய இரண்டாவது களஞ்சியம் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

இனி கணக்குக்கு வருவோம். ஒரு விலங்கு ஒரு நாளைக்கு ஒரு வைக்கோல் தின்னும். கோழியானாலும் பசுவானாலும் அளவு ஒன்றே. குளிர்காலம் 28 நாட்கள். 12 விலங்குகளுக்கு 336 வேண்டும். உங்களிடம் 240 இருப்பதால் பற்றாக்குறை 96. அதை மார்னியிடம் வாங்கினால், ஒன்று 50 வீதம் 4,800 பொற்காசுகள் ஆகும். கையில் இருப்பதைவிட அதிகம். இரண்டாவது சைலோவுக்கோ 100 பொற்காசுகள், 100 கல், 10 களிமண், 5 செப்புக்கட்டி போதும். இன்னும் 240 கொள்ளளவு கிடைத்துவிடும். எல்லாச் சைலோக்களும் சேர்ந்து ஒரே கையிருப்பாகவே கணக்கிடப்படுவதால், எந்த மூலையில் கட்டினாலும் ஒன்றுதான்.

உங்களுக்குக் குறைவது 3 களிமண்ணும் 3 செப்புக்கட்டியும். களிமண்ணுக்கு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெறும் நிலத்தைக் கொத்துங்கள். சிறிது நேரத்தில் கிடைத்துவிடும். ஒரு கட்டிக்கு 5 செப்புத்தாதும் 1 நிலக்கரியும் ஆகையால், 15 தாதும் 3 நிலக்கரியும் எடுத்து வந்து உலையில் இட வேண்டும். ஒவ்வொரு கட்டிக்கும் ஆட்ட நேரத்தில் அரை மணி பிடிக்கும்.

நாள்காட்டியை மறந்துவிடாதீர்கள். 20ஆம் நாள் சனிக்கிழமை. இன்று சுரங்கத்துக்குப் போய் வந்து, நாளை ஞாயிறன்று கட்டடங்கள் கட்டித் தரும் தச்சர் ராபினிடம் சொன்னால், இரண்டு நாட்களில், 23ஆம் நாள் காலையில் சைலோ எழுந்து நிற்கும். செவ்வாய்க்கிழமை ராபினின் கடை மூடியிருக்கும் என்பதால் அதற்கு முன்பே பேசிவிடுவது நல்லது.

இன்னொன்று. சாதாரண அரிவாளால் அறுக்கும்போது ஒவ்வொரு கட்டத்துப் புல்லும் வைக்கோல் தருவதில்லை. தருவதற்கான வாய்ப்பு 50 விழுக்காடு. 96 வைக்கோலுக்கு ஏறத்தாழ 190 கட்டங்கள் புல் உங்கள் பண்ணையில் எஞ்சியிருக்கிறதா என்பதை ஒருமுறை சுற்றிப் பார்த்துச் சொல்லுங்கள். கல்குவாரியின் சுரங்கத்தில் கிடைக்கும் தங்க அரிவாளால் அந்த வாய்ப்பு 75 விழுக்காடாகும். ஆனால் உடைந்த பாலத்தைச் சீர்செய்தால்தான் குவாரிக்கே போக முடியும் என்பதால், முதல் ஆண்டில் அதை நம்பியிருக்க வேண்டாம்.

மறுமொழி 2: கோதுமை வயல்

மேலே நண்பர் சொன்ன கணக்கு சரியே. ஆனால் 190 கட்டங்கள் புல் உங்களிடம் இருக்குமா என்பது எனக்கு ஐயம். வசந்தத்தில் வேரோடு துடைத்தெடுத்த பண்ணையில், 12 வாய்களும் தினமும் மேய்ந்துகொண்டிருக்கும்போது, இலையுதிர்காலக் கடைசியில் புல் அவ்வளவாக மிஞ்சாது. எனவே கோதுமையையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பது என் ஆலோசனை.

கோதுமை விதை பியரின் கடையில் 10 பொற்காசுகள். நான்கு நாட்களில் விளையும். கோடையிலும் இலையுதிர்காலத்திலும் வளரும். அறுக்கும்போது தானியம் கிடைப்பதோடு, 40 விழுக்காடு வாய்ப்பில் ஒரு வைக்கோலும் உடன் கிடைக்கிறது. 60 விதைகளுக்கு 600 செலவிட்டால், சராசரியாக 24 வைக்கோல் வரும். அதே 24ஐ மார்னியிடம் வாங்கினால் 1,200 ஆகியிருக்கும். அதோடு 60 கோதுமையைத் தலா 25க்கு விற்றால் 1,500 திரும்பக் கைக்கு வருகிறது. வைக்கோல் இலவசம் என்பது மட்டுமல்ல, அது நமக்குக் கூலியும் கொடுத்துவிட்டு வருகிறது. குறை என்னவென்றால், தெளிப்பான் இல்லாவிட்டால் 60 கட்டங்களுக்கும் நாள்தோறும் நீர் ஊற்ற வேண்டும். முதல் ஆண்டுக்காரருக்கு அதிலேயே பாதி ஆற்றல் போய்விடும்.

நாள் கணக்கில் கவனம் தேவை. 24ஆம் நாள் விதைத்தால்தான் 28ஆம் நாளுக்குள் அறுக்க முடியும். ஒரு நாள் பிந்தினாலும் குளிர்காலம் பிறந்து பயிர் பட்டுப்போகும். 24 புதன்கிழமை, அன்று பியரின் கடை விடுமுறை. ஆகவே விதையைச் செவ்வாய்க்குள் வாங்கிவிடுங்கள். புல்லிலிருந்து கிடைப்பதைப் போலன்றி, கோதுமை வைக்கோல் நம் பைக்கு வந்து சேரும். அதைக் கையில் பிடித்துக்கொண்டு சைலோவைச் சொடுக்கினால் உள்ளே போய்விடும்.

இடையே ஒரு சொல். நாம் எல்லோரும் இதை வைக்கோல் என்றே அழைத்துப் பழகிவிட்டோம். கண்டிப்பாகப் பார்த்தால் நெல்லடித்த பின் எஞ்சும் தாள்தான் வைக்கோல். ஆட்டத்தில் நாம் அறுத்துச் சேமிப்பது உலர்ந்த புல். கோதுமையிலிருந்து வருவதற்கு மட்டும் அந்தப் பெயர் ஓரளவு பொருந்தும். இருந்தாலும் போர் போட்டு வைத்த வைக்கோலைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு வேறு சொல் வாயில் வராது என்பதால், நானும் அப்படியே எழுதுகிறேன்.

மறுமொழி 3: மரப்பெட்டி

இருவரும் சொல்லாமல் விட்ட ஒரு வழி இருக்கிறது. செப்பும் களிமண்ணும் திரட்டுவதற்குள் புல்லை அறுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், சைலோவிலிருந்து வைக்கோலை வெளியே எடுத்து மரப்பெட்டியில் போட்டு வைக்கலாம். கூண்டின் உள்ளே சுவரோரம் இருக்கும் ஹாப்பரை, தீவனத் தொட்டி காலியாக இருக்கும்போது சொடுக்கினால், அது கொஞ்சம் வைக்கோல் தரும். ஒரே முறையில் முழுக் கையிருப்பையும் தராது. மீண்டும் மீண்டும் சொடுக்க வேண்டும். எடுத்ததைப் பெட்டியில் வைத்தால் ஒரே அறையில் 999 வரை அடுக்கலாம். பெட்டிக்கு 50 மரத்துண்டுகள் போதும். சைலோவில் இடம் காலியானதும் மறுபடி அறுக்கலாம்.

ஆனாலும் உங்களுக்கு இதை முதல் வழியாகச் சொல்லமாட்டேன். 100 பொற்காசுக்குக் கிடைக்கும் சைலோவைத் தவிர்த்துவிட்டு ஹாப்பரைச் சொடுக்கிக்கொண்டிருப்பது விரலுக்குக் கேடு. மேலும் பின்னாளில் டீலக்ஸ் கூண்டும் டீலக்ஸ் தொழுவமும் கட்டினால், அங்குள்ள தானியங்கி ஊட்டி சைலோவிலிருந்து மட்டுமே எடுத்துக்கொள்ளும். பெட்டியில் எவ்வளவு குவித்து வைத்திருந்தாலும் அதற்குத் தெரியாது. இப்போது உங்களிடம் தானியங்கி ஊட்டி இல்லை. குளிர்காலத்தில் நாள்தோறும் ஹாப்பரிலிருந்து எடுத்துத் தொட்டியில் நீங்களேதான் வைக்க வேண்டும். சைலோ நிறைந்திருந்தும் தொட்டி காலியாக இருந்ததால் என் கோழிகள் இரண்டு நாட்கள் பட்டினி கிடந்தன. நானோ முட்டை ஏன் வரவில்லை என்று கூண்டைச் சுற்றி வந்துகொண்டிருந்தேன்.

பட்டினியால் எந்த விலங்கும் சாகாது என்பது ஓர் ஆறுதல். மனநிலை கெடும், நம்மீதுள்ள நட்பு குறையும், முட்டையும் பாலும் நின்றுபோகும், அவ்வளவே. எனவே ஓரிரு நாள் தட்டுப்பாடு வந்தாலும் பண்ணை மூழ்கிவிடாது.

மறுமொழி 4: ஆற்றங்கரைப் பண்ணை

மழையைப் பற்றி எழுத மறந்துவிட்டேன். மழை நாளிலும் விலங்குகள் வெளியே வராமல் உள்ளேயே தின்னும். இன்று முதல் 28ஆம் நாள் வரை ஒரு மழை பெய்தால் கையிருப்பில் 12 குறையும். 336 என்ற கணக்குக்கு மேல் இதற்கும் சேர்த்து வைக்க வேண்டும். வீட்டிலுள்ள தொலைக்காட்சி மறுநாள் வானிலையைச் சொல்லிவிடும் என்பதால், காலையில் எழுந்ததும் அதைப் பார்த்துவிடுங்கள்.

அடுத்த ஆண்டுக்கு ஒரு யோசனையும் சொல்கிறேன். வசந்தம் பிறந்ததும் பியரிடம், நிலத்தில் இட்டால் புல் முளைக்கும் கிராஸ் ஸ்டார்ட்டர் 100 பொற்காசுக்கு வாங்கலாம். அல்லது அதன் செய்முறையை 1,000 கொடுத்து ஒரே முறை வாங்கிக்கொண்டால், பிறகு 10 நார் கொண்டு நீங்களே செய்யலாம். களை வெட்டினாலே நார் குவியும் என்பதால் இரண்டாவதுதான் மலிவு. நான் செய்வது இப்படி: தொழுவ வாசலுக்கு முன்னால் ஒரு கட்டத்தில் புல்லை இட்டு, அந்தப் புல்லின் மேலேயே ஒரு வேலிக் கம்பத்தை நட்டுவிடுவேன். கம்பம் நிற்கும் கட்டத்துக்குள் விலங்கு நுழைய முடியாததால் அடியிலிருக்கும் புல்லைத் தின்னவும் முடியாது. ஆனால் அந்தப் புல் சுற்றியுள்ள கட்டங்களுக்குப் பரவிக்கொண்டேதான் இருக்கும். ஐந்தாறு கட்டம் இடைவெளியில் இப்படி எட்டுக் கம்பங்கள் நட்டுவிட்டால், பசுக்கள் எவ்வளவு மேய்ந்தாலும் மேய்ச்சல் நிலம் மொட்டையாகாது. மேய்ந்து தின்பது வைக்கோலைவிட விலங்குகளுக்கு மகிழ்ச்சி தருவதும் ஆகும். கோடை முழுவதும் இந்த மேய்ச்சல் நிலத்தைத் தொடாமல் விட்டுவிட்டு, வேறொரு பகுதியை அறுவடைக்கென்று தனியே ஒதுக்குங்கள். அங்கும் முழுவதையும் ஒரே நாளில் வழித்தெடுக்காமல், ஒரு வரிசை அறுத்தால் ஒரு வரிசையை விட்டு வைத்தால், அறுத்த இடம் விரைவில் மூடிக்கொள்ளும்.

மறுமொழி 5: புதுப்பண்ணைக்காரன்

அனைவருக்கும் நன்றி. இலையுதிர்காலம் முடிந்தது, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை சுரங்கத்துக்குப் போகும் முன் பியரிடம் 60 கோதுமை விதைகள் வாங்கி, மறுநாள் விதைத்தேன். களிமண்தான் படுத்திவிட்டது, மூன்று கட்டிகளுக்காக வீட்டின் கிழக்குப் பக்கத்தையே உழுது போட்டேன். எப்படியோ ஞாயிறன்று ராபினைப் பார்த்துவிட்டேன், 23ஆம் நாள் காலையில் சைலோ தயார். அதுவரை அரிவாளைத் தொடவில்லை.

25ஆம் நாள் மழை பெய்தது. கோதுமையும் அன்றே விளைந்ததால் நனைந்துகொண்டே அறுத்தேன். 23 வைக்கோல் கிடைத்தது, மழைக்கு 12 போனது. 28ஆம் நாள் காலையிலிருந்து மாலை வரை பண்ணையில் நின்ற புல் முழுவதையும் அறுத்ததில் 88 சேர்ந்தது. இப்போது சைலோவைச் சொடுக்கினால் 339 என்று காட்டுகிறது. தேவை 336. மூன்று மிச்சம்!

அடுத்த வசந்தத்தில் புல் முளைத்துப் பரவும் வரை கொஞ்சம் கையிருப்பு வேண்டும் என்பதால், மார்னியிடம் இன்னும் 20 வாங்கலாம் என்று கையில் 1,000 பொற்காசுகளுடன் குளிர்காலத்தின் முதல் நாளே போய் நின்றேன். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அவருடைய கடை இயங்காது என்பதை யாருமே எனக்குச் சொல்லவில்லை.

மறுமொழி 6: மரப்பெட்டி

அதைப் பட்டுத் தெரிந்துகொள்ளாத பண்ணைக்காரர் இந்த ஆட்டத்தில் ஒருவரும் இல்லை. புதன்கிழமை காலை 9 மணிக்கு மேல் போங்கள். போகும்போது இன்னும் ஒரு 2,000 சேர்த்துக்கொள்ள முடிந்தால், கூண்டுக்கு ஒரு ஹீட்டரையும் அவரிடமே வாங்கிவிடுங்கள். குளிர்காலத்தில் கோழிகளின் மனநிலைக்கு அது உதவும். பணம் போதாவிட்டால் வைக்கோலை மட்டும் வாங்குங்கள். திரும்பி வந்ததும் தொட்டியைப் பாருங்கள், சைலோவை அல்ல.