பிரிட்டனில் இறுதி வழியனுப்பு: எதைப் பாடுவது, எதை வாசிப்பது

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து பிரிட்டனுக்குப் புதிதாகக் குடிவந்த குடும்பங்கள், தங்களோடு இருந்த பெற்றோரில் ஒருவரை இங்கே இழக்க நேர்ந்தால், மரணப் பதிவையும் சான்றிதழ்களையும் எப்படியோ பிறர் உதவியோடு முடித்துவிடுகின்றன. ஆனால் இறுதிச் சடங்கு ஏற்பாடுகளைச் செய்து தரும் ஃபியூனரல் டைரக்டர் ஒரு படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, உள்ளே வரும்போது என்ன இசை, நடுவில் என்ன இசை, வெளியேறும்போது என்ன இசை, யார் எதை வாசிக்கப் போகிறார்கள் என்று கேட்கும்போது திகைத்துப் போகின்றன. ஊரில் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. சங்கும் சேகண்டியும் பறையும் சொல்லி அனுப்பியவுடன் வந்து சேரும். பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். ஓதுவாரை அழைக்கும் குடும்பமானால் எதைப் பாட வேண்டும் என்பது அவருக்கே தெரியும். இங்கே அத்தனையையும் துக்கத்தில் இருப்பவர்களே தீர்மானிக்க வேண்டியிருப்பதால், எனக்குத் தெரிந்தவற்றை எழுதி வைக்கிறேன்.

முதலில் நேரக் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான எரியூட்டு மண்டபங்களில் ஒரு குடும்பத்துக்குக் கிடைப்பது 30 முதல் 45 நிமிடம். உள்ளே வருவதும் வெளியேறுவதும் அதற்குள் அடக்கம். கூடுதல் கட்டணம் செலுத்தி அடுத்தடுத்த இரண்டு நேரங்களைச் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம் என்றாலும், வாய்க்கரிசி முதலான சடங்குகளை வீட்டிலோ ஃபியூனரல் டைரக்டரின் இடத்திலோ முன்கூட்டியே செய்து முடித்துவிட்டு, மண்டபத்து நேரத்தைப் பாட்டுக்கும் சொல்லுக்கும் விட்டுவிடுவதே நல்லது. சிவபுராணத்தின் 95 அடிகளையும் நிதானமாக ஓத ஏழெட்டு நிமிடம் ஆகும். அதை எல்லோரும் சேர்ந்து ஓதுவதென்று முடிவு செய்தால், மற்ற பாடல்களில் இரண்டையாவது விட்டுவிட வேண்டும்.

சைவக் குடும்பமாக இருந்தால், நான் முதலில் சொல்வது திருவையாற்றுப் பதிகம் ஒன்றைத்தான். சம்பந்தர் பாடிய அது, ‘புலனைந்தும் பொறிகலங்கி நெறிமயங்கி’ என்று, புலன்கள் கலங்கிக் கோழை மேலெழும் கடைசி நேரத்தைச் சொல்லித் தொடங்கி, அந்த நேரத்தில் ‘அஞ்சேல்’ என்று அருள்செய்பவன் இருக்கும் கோயில் இது என்கிறது. அடுத்த இரண்டு அடிகளில் சாவின் பேச்சே இல்லை. பெண்கள் நடமாட, முழவு அதிர, அதை இடியென்று நினைத்து அஞ்சிய குரங்குகள் மரமேறி மேகத்தைப் பார்க்கின்றன. காவிரிக் கரையிலே பிறந்து வளர்ந்த ஒருவரை வழியனுப்ப, மரணத்தையும் ஊரையும் ஒரே பாட்டில் வைத்திருக்கும் இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. இதன் பண் மேகராகக்குறிஞ்சி, இன்றைய நீலாம்பரி. தாலாட்டுக்குரிய அந்த இராகத்தில் முதல் பாட்டை மட்டும் பாடினால் மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகாது. பாட வருபவர் யாரும் இல்லையென்றால், ‘காதலாகிக் கசிந்து’ என்ற நமச்சிவாயப் பதிகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆச்சாள்புரத்தில் சோதியில் கலக்கும் முன் சம்பந்தர் பாடியதாகப் போற்றப்படும் அந்தப் பதிகத்தின் முதல் பாட்டு, பலருக்கும் மனப்பாடமாக இருக்கும். இசையறியாதவர்களும் சேர்ந்து சொல்லலாம்.

திருவரங்கத்துப் பக்கத்து வைணவக் குடும்பங்களுக்குப் பெரியாழ்வாரின் ‘அப்போதைக்கு இப்போதே சொல்லி வைத்தேன் அரங்கத்து அரவணைப் பள்ளியானே’ என்ற அடி போதுமான துணை. நம்மாழ்வாரின் ‘சூழ்விசும்பு அணிமுகில்’ பதிகம், வைகுந்தம் செல்பவரை வானமே வரவேற்பதாகப் பாடுவது. அதை யார் சேவிப்பது (ஓதுவது), எப்போது சேவிப்பது என்பதை உங்கள் ஆசாரியரிடமோ வீட்டுப் பெரியவரிடமோ தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே உதவிக்கு வரும் சைவக் குருக்களும் சங்கத்தாரும் பெரும்பாலும் ஈழத்தைச் சேர்ந்தவர்கள். அவர்கள் வழக்கத்தில் திருவாசகத்துத் திருப்பொற்சுண்ணம் பாடிச் சுண்ணம் இடிப்பது முக்கியமான பகுதி. ‘முத்துநல் தாமம்’ என்று திருவிழாப் பாட்டைப்போலத் தொடங்கும் அதைக் கேட்டு, நம் பக்கத்து உறவினர் சிலர் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். அது இறைவனின் திருமுழுக்குக்கான நறுமணப் பொடியை இடிக்கும் பாட்டு. இறந்தவரின் உடலையும் அவனுக்கு உரியதாக மதிப்பதாகவே நான் அதைப் புரிந்துகொள்கிறேன். 20 பாட்டும் பாட நேரம் இருக்காது என்பதால், எத்தனை பாடுவது என்று குருக்களிடம் முன்னதாகவே பேசிவிடுங்கள்.

தாயை இழந்தவர்கள் பட்டினத்தார் பாடலைக் கேட்பார்கள். காவிரிப்பூம்பட்டினத்துக்காரராகச் சொல்லப்படும் அவர், தாயின் சிதைமுன் பாடிய ‘ஐயிரண்டு திங்களாய்’ என்று தொடங்கும் பாடல்கள் பத்தையும் மகனே வாசிக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ‘அரிசியோ நான் இடுவேன் ஆத்தாள் தனக்கு’ என்ற இடத்தைத் தாண்டி அவரால் வாசிக்க முடியாது. தாய்மாமனோ மருமகனோ வாசிக்கட்டும். பல எரியூட்டு மண்டபங்களில், முன்பே சொல்லி வைத்தால், சிலரை மட்டும் உள்ளே அனுமதித்துப் பெட்டி உலைக்குள் செல்வதைப் பார்க்க விடுவார்கள். ‘யானும் இட்ட தீ மூள்க மூள்கவே’ என்ற பாட்டை அந்த இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சமய நம்பிக்கை இல்லாதவர்களுக்குத் திருக்குறளின் நிலையாமை அதிகாரம் இருக்கிறது. பத்தையும் அடுக்காமல், ‘உறங்கு வதுபோலுஞ் சாக்காடு’ என்ற ஒன்றை இரண்டு முறை நிறுத்திச் சொன்னால் போதும்.

இணையத்தில் கிடைக்கும் ஒப்பாரிப் பதிவை ஒலிபெருக்கியில் போட வேண்டாமென்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். ஒப்பாரி என்பது இறந்தவரின் உறவு முறையைச் சொல்லி, அவர் வெட்டிய வாய்க்காலையும் கட்டிய வீட்டையும் சொல்லி அழுவது; வேறு யாருக்காகவோ அழுத குரல் உங்கள் அப்பாவுக்கு ஆகாது. அத்தையோ பெரியம்மாவோ அழுது பாட விரும்பினால் அவருக்கென்று ஐந்து நிமிடத்தை ஒதுக்கி, அந்த நேரத்தில் இடைமறிக்கக்கூடாது என்று நிகழ்ச்சியை நடத்துபவரிடம் சொல்லி வையுங்கள். அவர் பதற்றமடைந்து இசையைப் போட்டுவிடாமல் இருக்க இது அவசியம்.

நாதசுரம் மங்கல வாத்தியம் என்பதால், துக்க நேரத்தில் அது கூடாது என்று சில வீடுகளில் சொல்வார்கள். பேரன் பேத்திகளைக் கண்டு நிறைந்த வயதில் போனவர், திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேட்டு வாழ்ந்தவர் என்றால், வெளியேறும்போது அந்தத் தோடியை வைப்பதில் எனக்குத் தவறு தெரியவில்லை. ஊரில் மூத்தவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பாதியில் வெட்டாமல் ஒலியை மெல்லக் குறைக்கும்படி மண்டபத்தாரிடம் எழுதிக் கொடுங்கள். அவருக்குப் பிடித்த சினிமாப் பாட்டு ஒன்றையும் வைக்கலாம்.

நாகூர், கூத்தாநல்லூர்ப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களுக்கு இசைத் தேர்வு என்பதே எழாது; ஜனாஸாத் தொழுகையையும் நல்லடக்கத்தையும் பள்ளிவாசல் வழியாகச் செய்வார்கள். தஞ்சாவூர், தரங்கம்பாடிக் கிறிஸ்தவர்கள் ஆலயத்தில் ஆராதனை வைத்தால், பாடல்களுக்குக் குருவானவரின் ஒப்புதலைப் பெற வேண்டும். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் (1774–1864) கீர்த்தனை ஒன்றை இங்குள்ள ஆர்கன் கலைஞர் வாசிக்க இயலாவிட்டாலும், குடும்பத்தார் குரலாலேயே பாடலாம்.

பாடல்களை அச்சிட்டுக் கொடுக்கும் சிறு புத்தகத்தில்தான் அதிகக் கவனம் வேண்டும். வேர்டு கோப்பை அனுப்பினால், இங்குள்ள அச்சகத்தின் கணினியில் கொம்பும் காலும் எழுத்திலிருந்து பிரிந்து ‘போற்றி’ என்பது உருத்தெரியாமல் வந்துவிடும். எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎஃப் கோப்பாகக் கொடுத்து, அச்சுப் பிரதியைத் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் வரி வரியாகப் பார்த்த பிறகே சம்மதம் சொல்லுங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் ஆங்கிலத்தில் இரண்டு மூன்று வாக்கியங்களில் பொருள் போதும். அதை இங்கே வளர்ந்த பேரப்பிள்ளை ஒருவர் பாட்டுக்கு முன்னால் வாசித்தால், தமிழ் தெரியாத அண்டை வீட்டாருக்கும் உடன் பணிபுரிந்தோருக்கும் விளங்கும்.

ஊரில் இருப்பவர்கள் நேரலையில் பார்ப்பார்கள் என்பதால், முடிந்தால் முற்பகல் நேரத்தைக் கேளுங்கள். குளிர்காலத்தில் நமக்கும் ஊருக்கும் ஐந்தரை மணி நேரமும், கோடையில் நாலரை மணி நேரமும் வித்தியாசம். இங்கே 11 மணிக்குத் தொடங்கினால் அங்கே பொழுது சாய்வதற்குள் தகனம் முடிந்து, பெரியவர்கள் விளக்கு வைக்கும் முன் தலைமுழுகிவிடலாம். நேரலையின் முகவரியை முந்தைய நாளே அனுப்பி, ஊரில் கைப்பேசி பழகிய பிள்ளை ஒருவரைப் பக்கத்தில் இருக்கச் சொல்லுங்கள்.