மலேசியாவில் தம்பி ஓவர்ஸ்டே: ஊருக்கு அழைத்து வர என்ன வழி?

கேட்பவர் (மன்னார்குடி பக்கம்):
விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இந்தியர்களுக்கு விசா இல்லாமல் 30 நாள் என்று இருக்கிறதே, அதில்தான் தம்பி திருச்சியிலிருந்து கோலாலம்பூர் போனான். இறங்கியதும் வேலை பெர்மிட் அடித்துத் தருவதாக ஏஜென்ட் சொன்னார். குறுவை நெல் போட்ட காசு முழுக்க அவரிடம் போயிற்று. எட்டு மாதமாகியும் பெர்மிட் வரவில்லை. பாஸ்போர்ட் சாப்பாட்டுக் கடை முதலாளியிடம். என்னிடம் அதன் முதல் பக்க போட்டோ மட்டும் வாட்ஸ்அப்பில் இருக்கிறது. இன்னும் 60,000 ரூபாய் கொடுத்தால் சத்தமில்லாமல் பிளைட் ஏற்றிவிடுவதாக ஏஜென்ட் சொல்கிறார். அம்மா தோட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார். கொடுக்கலாமா? பிடிபட்டால் பிரம்படி உண்டாமே?

கிள்ளான் (மலேசியா) வாசகர்:
ஒரு காசு கொடுக்காதீர்கள் அண்ணே. பிரம்படி இங்கே கள்ளத்தனமாக நுழைந்தவர்களுக்கு. நாள் தாண்டித் தங்கினால் சிங்கப்பூரில்தான், 90 நாளுக்கு மேல் போனால், அடி. ஆனால் இங்கேயும் லேசு இல்லை. குடிநுழைவுச் சட்டம் 15ஆம் பிரிவுப்படி குறைந்தது 10,000 வெள்ளி (ரிங்கிட்) அபராதம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ரெய்டில் பிடிபட்டால் தடுப்பு முகாமில்தான் இருக்க வேண்டும்.

கூத்தாநல்லூர்க்காரர்:
நான் 2024இல் இப்படித்தான் திரும்பி வந்தேன். மார்ச் 1 முதல் டிசம்பர் 31 வரை, நாள் தாண்டித் தங்கியவர்கள் ஊர் திரும்ப ஒரு திட்டம் விட்டிருந்தார்கள், 500 ரிங்கிட் கட்டினால் வழக்கில்லை. 2025 மே 19இல் மறுபடி ஒன்று தொடங்கினார்கள். இப்போது எது நடப்பில் இருக்கிறது என்று குடிநுழைவுத் துறையிடமே கேளுங்கள். இதற்கு ஏஜென்ட் கிடையவே கிடையாது, தம்பியே நேரில் போக வேண்டும். மறுபடி நுழையத் தடை வரலாம், அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

முதலில் கோலாலம்பூர் இந்தியத் தூதரகம். அடுத்தவர் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது அங்கே 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், அதைத் தூதரகத்தில் சொல்லச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் ஊர் திரும்ப மட்டும் எமர்ஜென்சி சர்டிபிகேட் தருவார்கள். அந்த போட்டோவைப் பத்திரமாக வையுங்கள், பாஸ்போர்ட் எண்ணுக்கு அதுதான் ஆதாரம். சென்னையில் அயலகத் தமிழர் நலத்துறைக்கும் இன்றே ஒரு மனு போடுங்கள்.

கேட்பவர்:
தோட்டை அம்மாவிடமே கொடுத்துவிட்டேன். தம்பி திங்கட்கிழமை தூதரகம் போகிறான். டிக்கெட் இப்போதே போட்டுவிடட்டுமா?

கூத்தாநல்லூர்க்காரர்:
அவசரப்படாதீர்கள். பாஸ்போர்ட்டோ சர்டிபிகேட்டோ கைக்கு வரட்டும், அதில் உள்ள பெயர், எண்படி போடுங்கள். நான் முந்திப் போட்ட டிக்கெட் காசு வீணாகப் போயிற்று.